இரண்டு விரல் செம்பு

எங்களூரில் சத்தம் நின்றால்தான் தூக்கம் கலையும்.
அன்றைக்கு ராத்திரி இரண்டரை மணிக்கு
எட்டுத் தறியும் ஒரே மூச்சில் வாயடைத்தன.
சாமளாபுரம் முழுக்க ஓடிக்கொண்டிருக்க
எங்கள் பட்டறை மட்டும் ஊமை.

'ஃபீஸ் போயிருக்கும்' என்றார் இவர்.
கரண்ட் ஆபீசைத் திட்டினார்.
பிறகு, ஒயரிங் செய்து கொடுத்த என் தங்கச்சி புருசனை.
பிறகு என்னை.
யாரும் மேலே பார்க்கவில்லை.

மேலே அட்டாலி.
விலை படியாத நூல்கோன் ஆறு மூட்டை,
சீருக்கு வந்து இன்னும் புழங்காத அண்டா,
தேய்ந்த நாடாக்கள்,
எல்லாவற்றின் மேலும் விரல்கடை கனத்துக்குப் பஞ்சுத்தூசி.
அதற்குள் பகலெல்லாம்
வாடகை தராத ஒறம்பரை ஒன்று ஓடுவது தெரியும்.
தெரிந்தும் இருந்துவிட்டேன்,
எலியா என்ன, அணில்தானே.
எலிக்கு மருந்து வைக்கிற கைதான் இது.
அதன் முதுகைத் தடவியவர் யாரென்று
ஊருக்கே தெரியும், அதனால் ஒரு சலுகை.

விடிந்ததும் சென்னியப்பன் வந்து
ஏணியில் நின்றபடியே சொன்னார்:
'அக்கா, மெயினை இறக்குங்க.'
குரலில் அவசரமே இல்லை.
அதுதான் பயமாக இருந்தது.

நானும் பாதி ஏறிப் பார்த்தேன்.
உத்திரத்தை ஒட்டிப் போகும் மும்முனை ஒயர்,
சிவப்பு மஞ்சள் நீலம், மூன்று கோடு.
நடுவில் தோல் போய்
இரண்டு விரல் அகலம் செம்பு,
புதுக்காசாட்டம் மினுங்கிக்கொண்டு.

ஒரு சாண் தள்ளிக் கூடு:
எங்கள் நூல், தேங்காய் நார்,
நான் தேடிச் சலித்த இவர் பனியனின் ஒரு கை,
குழுக் கடன் அட்டையில் கிழிந்த மூலை.
உள்ளே கண் திறக்காத மூன்று,
உரித்த சின்ன வெங்காயம்போல.

செம்புக்குக் கீழே பலகையில்
ஒரு ரூபாய் அகலத்துக்குக் கறுப்பு வட்டம்.
பஞ்சில் பிடித்திருக்கிறது.
என்ன நினைத்ததோ, அணைந்துமிருக்கிறது.
அதற்கு நேர் கீழேதான்
பவதாரிணி பாய் விரிக்கிறாள்.

'இதுக்குப் பல்லு நிக்காம வளருமுங்க்கா.
எதையாச்சும் கடிச்சுத் தேய்க்கலைன்னா
அதோட வாயே பூட்டிக்கும்.
பசியில கடிக்கறதில்லீங்க.'
டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே சொன்னார்.
எனக்கு வட்டி ஞாபகம் வந்தது.
நாளைக்குச் செவ்வாய்க்கிழமை, குழுவுக்குக் கட்ட வேண்டும்.

சீமாறில் தள்ளிவிடச் சொன்னார் இவர்.
முறத்தில் ஏந்திப் பொடக்காளிக் கொய்யாவின் கவட்டில் வைத்தேன்.
கருணையெல்லாம் இல்லை.
தாய் தேடிக்கொண்டு உள்ளே வந்தால்
மறுபடி ஒயர்தானே.
எப்படித் தப்பியதோ, வந்தது.
ஒன்றைக் கவ்வி இட்டேரிப் பக்கம் ஓடியது.
திரும்பி வந்து இன்னொன்று.
மூன்றாவதுக்கு வந்ததா என்று
நின்று பார்க்க முடியவில்லை;
தார் சுற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது.
சாயங்காலம் கவட்டில் பனியன் கை மட்டும் கிடந்தது.
பூனையும் வருகிற பொடக்காளிதான்.

இரும்புக் குழாய், புது ஒயர்,
கசிந்தால் தானாக விழுகிற ஸ்விட்ச்,
ஓட்டுக்கும் சுவருக்கும் நடுச்சந்தில் கம்பிவலை,
கூலியோடு ஏழாயிரத்து அறுநூறு.
நூல் மூட்டை ஆறும் கீழே இறங்கிவிட்டன.
அந்தக் கறுப்பு வட்டத்தை மட்டும் நான் துடைக்கவில்லை.

ராத்திரி எட்டுத் தறியும் ஓடுகின்றன.
இவர் தூங்கிவிட்டார்.
இந்த இரைச்சலுக்கு அடியில்
ஒரு சின்னப் பல் கடித்தால்
யாருக்குக் கேட்கும்?

பாயை ரெண்டு முழம் தள்ளிப் போட்டேன்.
'ஏம்மா?' என்றாள்.
'காத்து வரும், படு.'